வியாழக்கிழமை கிளினிக்

பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசையில் கடைசி வீடு தேவகியுடையது. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பீடோங்கில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் இருபத்தொரு வருடம் பட்டாளத்தில் இருந்தவள் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பிறந்தது மெர்போக் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பழனியாண்டி பால்மரம் வெட்டியவர். மகள் நீட்டிய விண்ணப்பப் பாரத்தை நர்ஸ் படிப்புக்கென்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். அது மலேசிய ராணுவ மருத்துவப் பிரிவுக்கான பாரம். உண்மை தெரிந்ததும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், "துப்பாக்கியும் குடுப்பானுங்களா?" என்று மட்டும் கேட்டார். குடுப்பார்கள் என்றாள். "சரி, பாத்து," என்றார்.

முப்பது வயதில் அவளை லெபனானுக்கு அனுப்பினார்கள். ஐ.நா.வின் நீலத் தொப்பி, ஓராண்டு அமைதிப் பணி. தெற்கில் ஒரு மலைக்கிராமத்தில் நம் ஆட்கள் வாரம் ஒருமுறை கிளினிக் நடத்தினார்கள். வியாழக்கிழமைதோறும் தேவகி அங்கே போவாள். அங்கேதான் உம் அலி வந்தார். அலியின் தாய் என்று அர்த்தம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய விதவை. இனிப்புநீர் வியாதி. இடது காலில் கணுக்காலுக்குக் கீழே ஐம்பது காசு அகலத்துக்கு ஆறாத புண்.

எட்டு மாதம் அந்தக் காலைத் தேவகி கழுவிக் கட்டினாள். இருவருக்கும் பொதுவாய் இருந்தது பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான். உம் அலி அவளை "யா பிந்தி" என்பார், மகளே என்று. வலித்தால் தேவகியின் தோளைப் பிடித்துக்கொள்வார். புண் சுருங்கி வந்தது, ஆனால் மூடவில்லை.

ஒரு வியாழக்கிழமை, "அடுத்த வியாழன் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு வந்தாள். திங்களன்று உத்தரவு மாறியது. செவ்வாய்க்கிழமையே விமானம். சொல்லிக்கொள்ள ஆளனுப்பக்கூட நேரமில்லை.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எந்தக் காலில் கட்டுப் போட்டாலும் அந்தக் கால்தான் ஞாபகம் வரும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். போன போரின்போது தொலைக்காட்சியில் அந்தப் பக்கத்து மலைகளைக் காட்டினார்கள். எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எல்லா மலையும் ஒரே மாதிரி புகைந்துகொண்டிருந்ததாம்.

போன வருடம் ஒரு காலையில், வேலைக்குக் காடி ஓட்டிப் போகும்போது ரேடியோவில் பேச்சு. நம்மைப் போன்ற சின்ன நாடு அமைதிப் படைக்கு இன்னும் அதிகம் பேரை அனுப்பலாமா, வேறு நாடுகளுக்கும் போகலாமா என்று யாரோ இரண்டு பேர் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவ ஆட்கள்தான் முதலில் தேவைப்படுவார்கள் என்றார் ஒருவர்.

மையத்திலும் அன்று அதே பேச்சு. பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்த முருகையா, கையில் ஊசிகளோடு படுத்துக்கொண்டே சொன்னார்: "மிஸ்ஸி, சின்னக் கடைக்காரன் பெரிய பாசார்ல சண்டை விலக்கப் போனா, அவன் சரக்குதான் கொட்டும். நமக்கு ஏன்லா அந்த வேலை?"

"நான் போயிருக்கேன் ஐயா," என்றாள் தேவகி.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "நீயா? சண்டை நின்னுச்சா?"

"சண்டைய எங்க நிறுத்தினோம்? கால் கழுவிட்டு வந்தேன். அதையும் முழுசா முடிக்கல."



அன்று மதியம் அவள் சசிகுமாருக்கு ஃபோன் அடித்தாள். முன்பு அவளுக்குக் கீழே வேலை செய்தவன். இப்போது சார்ஜன், அந்த நேரத்தில் லெபனானில்தான் இருந்தான். ஊர்ப் பெயரையும் உம் அலி பெயரையும் சொன்னாள்.

"அக்கா, அந்த ஊர்ல வீடுங்களே பாதி இல்ல. விசாரிக்கிறேன். ஆனா நம்பிக்கை வச்சுக்காதீங்க."

இரண்டு வாரம் கழித்து ஒரு எண்ணை அனுப்பினான். உம் அலியின் மகள் ரீமாவுடையது. ஊர்த்தலைவர் கொடுத்தாராம். தேவகி எழுதினாள். மறுநாள் குரல் செய்தி வந்தது, திக்கித் திக்கி ஆங்கிலத்தில். சாப்பாட்டு இடைவேளையில் மையத்தின் பின்கட்டில் நின்று கேட்டாள்.

அம்மாவின் கால் ஆறிவிட்டது, நீங்கள் போய் இரண்டாம் மாதமே, என்றாள் ரீமா. ஒன்பது வருடம் அந்தக் காலோடு தோப்புக்கு நடந்து போய் ஆலிவ் காய் பறித்தார். நீங்கள் வராத அந்த வியாழக்கிழமை மாலைவரை கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை. கோபமில்லை. 'உத்தரவுக்குக் கட்டுப்பட்ட பிள்ளை, அவள் கையில் என்ன இருக்கிறது' என்றார். போர் வந்ததும் வடக்கே ஓடினோம். அங்கே ஒரு வாடகை அறையில், குளிர்காலத்தில், இறந்துபோனார். சொந்த ஊரில் அடக்கம் செய்ய முடியவில்லை.

கடைசியில் ஒரு கேள்வி: நீங்கள் மறுபடி வருவீர்களா?

செய்தி முடிந்த பிறகும் தேவகி ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே ஏதோ இயந்திரம் அலாரம் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அந்த வாரமே விடுப்பு எடுத்து, பழைய சான்றிதழ்களோடு பட்டாள முகாம் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அரசாங்கம் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை, ஓய்வு பெற்றவர்களை எடுப்பார்களா என்பதும் தெரியாது, வயதும் தடையாகலாம் என்றார். பெயரை எழுதிவைக்கச் சொன்னாள். எழுதிக்கொண்டார்.

ரீமாவுக்கு எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பெயர் கொடுத்திருக்கிறேன், கூப்பிட்டால் வருவேன் என்று எழுதினாள்.

முடிவு இன்றுவரை வரவில்லை. சில நாள் அந்தப் பேச்சு பத்திரிகையில் வருகிறது, அப்புறம் மறைந்துவிடுகிறது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவளுக்கும் அது தெரியும்.

ஆனால் சனிக்கிழமைகளில் அவள் அரபு வகுப்புக்குப் போகிறாள். சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில், பத்து மலாய்ப் பெண்களோடு நெற்றியில் பொட்டு வைத்த ஒரே மாணவி. முதல் நாள், "தேவகி, எதற்கு அரபு?" என்று ஆசிரியையான உஸ்தாஸா கேட்டாராம். "ஒரு வீட்டோட பேசணும்," என்றிருக்கிறாள்.

போன மாதம் ரீமா ஆங்கிலத்தை விட்டுவிட்டு அரபியிலேயே ஒரு வரி அனுப்பினாள். தேவகி அதை என் வீட்டு வாசலில் நின்று, விரலை வலமிருந்து இடமாக நகர்த்தி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பாதி சொல்லில் தடுமாறினாள், திரும்ப ஆரம்பித்தாள். 'இன்று ஊருக்குப் போய்ப் பார்த்தோம். மழை பெய்கிறது.'

பதில் எழுத அவளுக்கு இருபது நிமிடம் ஆனது. 'அங்கே யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டிருந்தாள். இரண்டு எழுத்து தப்பாம். ரீமா திருத்தி அனுப்பியிருந்தாள்.