'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை

சத்யப்பிரியாவை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில். வயது இருபத்து நான்கு. என் பெண்ணைவிட மூன்றே வயது மூத்தவள். வெள்ளை கராத்தே டிரஸ், இடுப்பில் கறுப்பு பெல்ட், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒற்றைச் சடை. எதிரே தையலும் செக்கிங்குமாகப் பெண்கள் பதினோரு பேர் நின்றோம். நாற்பதுக்குக் கீழே இருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

வந்ததும் அவள் சொன்ன முதல் விஷயம், இங்கே எல்லாரும் தன்னை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும், ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும் என்பது. எனக்கு அங்கேயே சுருக்கென்றது. எங்களுக்கு மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, முப்பது வருஷம் துணியோடு மல்லுக்கட்டின மனுஷர். இந்தச் சின்னப் பெண்ணை எப்படி மாஸ்டர் என்பது? நான் "சரி கண்ணு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குனியச் சொன்னபோது கழுத்து வலிக்கிறது என்று சொல்லி நிமிர்ந்தே நின்றுகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கராத்தே வகுப்புக்கு நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் ஒரு நாள் வேலை முடிந்து, நல்லூரிலிருந்து மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். பைக்கில் பக்கத்தில் வந்த ஒருவன் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். மூன்றரைப் பவுன். போயே போய்விட்டது. நகை போனால் போகட்டும், அழுது தீர்த்தாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அப்புறம் மொபெட்டின் ஹேண்டில்பாரைத் தொட்டாலே கை நடுங்கியது. வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டோம். "இப்பக் கழுத்துல மஞ்சக்கயிறுதான் கெடக்குது, இனி அறுக்கறதுக்கு என்ன இருக்குது, தைரியமா ஓட்டு" என்று என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் கேலி செய்தார். பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை.

அவருக்கு நிட்டிங் யூனிட்டில் ராத்திரி எட்டு வரைக்கும் ஷிப்ட். எனக்கு ஓவர்லாக் மெஷினில் ஐந்தரைக்கு வேலை முடிந்துவிடும். அவர் வந்து கூட்டிப்போகும்வரை மூன்று மணி நேரம் கேட்டில் உட்கார்ந்திருப்பேன். பஸ் இருக்கிறது. இறங்கி நடக்கிற தூரத்துக்கும் எனக்குப் பயம். வாட்ச்மேன் ஆறுச்சாமி தங்கமான மனுஷர். ஆனாலும் தினமும் ஏழு மணிக்கு, "ஊட்டுக்காரர் இன்னும் வரலீங்களா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரே ஒரு குத்து, எவன் வந்தாலும் மூக்கில் விடுகிற மாதிரி, அதைக் கற்றுக்கொண்டால் பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன்.

ஃபீஸ் மாசம் அறுநூறு. நான்கு ஞாயிறு வந்தாலும் அறுநூறு, ஐந்து வந்தாலும் அறுநூறு என்பது வரைக்கும் நியாயம். மூன்றே நாள் வந்தாலும் அறுநூறு என்றால்? அதற்கு மேல் டிரஸ் ஆயிரத்து நூறு. பனியன் கம்பெனியில் நின்றுகொண்டு தையல்காரிகளுக்கே டிரஸ் விற்கிற தைரியம் யாருக்கு வரும்? கராத்தே சங்கத்தில் கொடுக்கிற டிரஸ், இதைத்தான் போட வேண்டும் என்றாள். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டு, தையலை இழுத்துப் பார்த்து, கக்கத்தில் நூல் லூப் விட்டுத் தொங்குகிறது, எங்கள் செக்கிங்கில் இது ரிஜெக்ட் என்று சொன்னோம். அவள் முகம் மாறவில்லை. அவளும் செக்கிங்காரிதானே. வாரத்தில் ஆறு நாள் இன்னொரு கம்பெனியில் டேபிள் முன்னால் நின்று பீஸ் பார்க்கிறவள். "எனக்கும் தெரியும்க்கா, ஆயிரத்து நூறுதான்" என்று சொல்லிவிட்டாள்.

காசு கொடுத்தோம். என்ன சொல்லிக்கொடுத்தாள்? முதல் மாசம் முழுக்க நிற்க. காலை அகட்டி, முட்டியை மடக்கி, சும்மா நிற்க. ரெண்டாவது மாசம் விழ. பாயை விரித்து, தலை தரையில் படாமல், கையைத் தட்டிக்கொண்டு விழுவதற்கு. நாள் முழுக்க உட்கார்ந்து தைத்த இடுப்பு அது, விழுந்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டும். நிற்பதற்கும் விழுவதற்குமா நான் அறுநூறு கட்டுகிறேன் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மருதாளக்காவுக்கு வயசு ஐம்பது, எங்களில் மூத்தவர். கம்பெனியில் புது ஆர்டர் வந்தால் தையல்காரர்கள் சார்பில் பீஸ் ரேட் பேசுவது அவர்தான். ஒரு ஞாயிறு அவர் முன்னால் போய், நயமாக ஒரு யோசனை சொன்னார். மாசக் கணக்கு எங்களுக்குக் கட்டாது. நாம் பீஸ் ரேட் பேசிக்கொள்ளலாம். ஒரு குத்துக்கு இவ்வளவு, ஒரு உதைக்கு இவ்வளவு. கற்றுக்கொண்டதற்குக் காசு, நிற்பதற்கும் விழுவதற்கும் கிடையாது. நாங்கள் எல்லாரும் அதுதான் சரி என்று தலையாட்டினோம்.

சத்யப்பிரியா யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். ஆனால் ஒன்று. குத்து ஒழுங்காக வரவில்லை என்றால் ஆல்டருக்குத் திருப்பி விடுவேன் என்றாள். ஆல்டர் என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்து மறுபடி தைப்பது. "ஆல்டருக்கு ரேட்டு கெடையாது. ஓசியிலதான் செய்யணும். தெரியும்லாக்கா?"

தெரியாமலா? நாங்கள் மாசக் கணக்குக்கே திரும்பிவிட்டோம். மருதாளக்கா பேசி, ரேட் படியாமல் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது மாசம் கத்தச் சொன்னாள். ஒருத்தி மற்றவளின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவள் அடிவயிற்றிலிருந்து 'விடு' என்று கத்த வேண்டும். கத்துவதற்கு என்ன பாடம்? வீட்டில் தினமும் செய்வதுதானே என்று நினைத்தேன். மருதாளக்கா முதலில் கத்தினார். "விடு சாமி" என்று வந்தது. அடுத்தவள் "விடுங்க" என்றாள். என் முறை வந்தது. நான் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு "விடுங்க்கா" என்று கத்தினேன்.

மாடி முழுக்கச் சிரிப்பு. சத்யப்பிரியா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு 'ங்க'வுக்கு ஐந்து தண்டால் என்று சட்டம் போட்டாள். அவள் பிறந்தது மண்ணரையில்தான் என்றாலும், அப்பா சுடலையும் அம்மா விஜயராணியும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கோபம் வந்தால் அந்தப் பக்கத்துப் பேச்சு வந்துவிடும். "விடுல" என்று ஒரு சத்தம் போட்டுக் காட்டினாள். தண்ணித் தொட்டி மேல் இருந்த புறாவெல்லாம் பறந்து போனது. எங்களுக்கு அது வரவில்லை. பேசப் பழகின நாளிலிருந்து 'ங்க' போட்டே வளர்ந்த நாக்கு. நாய்க்குட்டியைக்கூட "போ சாமி" என்றுதான் விரட்டுவோம். அன்றைக்கு நான் மட்டும் நாற்பது தண்டால் போட்டேன். போட்டேன் என்பதுகூடப் பொய், நாற்பது தடவை படுத்து எழுந்தேன்.

அடுத்த ஞாயிறும் அதே கதை என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் நின்றுகொண்டு, மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். ஃபீஸ் வாங்கத் தெரிகிறது, சொல்லித்தரத் தெரியவில்லை என்றேன். அறுநூறுக்கு மேல் இன்னும் நூறு ரூபாய் தருகிறேன், அந்த ஒரு குத்தை மட்டும் சொல்லிக்கொடு, நான் போய்விடுகிறேன் என்றேன்.

அவள் கோபப்பட்டுப் பதில் சொல்வாள் என்று பார்த்தேன். கிட்டே வந்து, சங்கிலி அறுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். கொடி உடனே அறுபடவில்லை. அவன் பிடித்த பிடியில் ரெண்டு வண்டியும் பத்தடி தூரம் சேர்ந்தே போனது.

"அப்ப உங்க கை எங்கக்கா இருந்துச்சு?"

"ஹேண்டில்பார்ல."

"ரெண்டும்?"

"ரெண்டுந்தான்."

"பொறவு என்னத்தக் கொண்டு குத்துவிய? வாய் ஒண்ணுதான் சும்மா இருந்துச்சு. அந்த வாயி என்ன சொல்லுச்சு?"

இதை நான் ஸ்டேஷனில் சொல்லவில்லை. மோகன்ராஜிடமும் சொல்லவில்லை. ஏழு மாசமாகத் தொண்டையில் கிடந்தது. பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க அன்றைக்குச் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, விடுங்கன்னு சொன்னேன்."

ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு திருடனைக் கூப்பிட்டிருக்கிறேன். அவமானத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மருதாளக்கா வந்து முதுகைத் தடவினார், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். சத்யப்பிரியா ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி. "சொல்லுங்க" என்றாள். நான் "விடு..." என்று இழுத்தேன். 'ங்க' நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். சத்தம் பூனைக்குட்டிச் சத்தம்தான். "ஆல்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் பாதி பாசம் கலந்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மோகன்ராஜின் யூனிட்டில் நூல் லேட்டாக வருவதால் பத்து மணி வரை ஓட்ட வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் நான் பத்தரை வரைக்கும் கேட்டில். ஆறுச்சாமி எத்தனை தடவை கேட்பார் என்று நினைத்தபோதே எனக்கு ஆத்திரம் வந்தது. காலையில் தார்ப்பாயை எடுத்தேன். காற்றடித்து, பெட்ரோல் ஊற்றி, பெருமாள் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். காலையில் ரோடு நிறையக் கம்பெனி வண்டிகள், கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன். சாயங்காலம்தான் சோதனை.

ஐந்தரைக்குக் கிளம்பினேன். ஆறுச்சாமி வாயைத் திறந்தார், நான் நிற்கவில்லை. கொடியை அறுத்த அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து ஒரு பைக் சத்தம் நெருங்கி வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட் போட்டவன், தனியாக வருகிறான். நான் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக வருகிறான். பக்கத்தில் வந்துவிட்டான். கையை என் பக்கம் நீட்டினான்.

"விடுடா!"

அது என் தொண்டையிலிருந்துதான் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பைக் ஆடி, ஓரத்தில் மண்ணில் இறங்கி, ஒரு வேலி ஓரம் நின்றது. நானும் நிறுத்தினேன். பையன் ஹெல்மெட்டைக் கழற்றினான். இருபது வயசுகூட இருக்காது, முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நான் ஒண்ணையும் புடிக்கலீங்க்கா. ஸ்டாண்டு எடுக்காமப் போறீங்கன்னு சொல்ல வந்தனுங்க."

குனிந்து பார்த்தேன். சைடு ஸ்டாண்டு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமியின் கேள்விக்குப் பயந்து கிளம்பின அவசரத்தில் மறந்திருக்கிறேன். அப்புறம் நான் அவனிடம் கேட்ட மன்னிப்பில் எத்தனை 'ங்க' இருந்தது என்று எனக்கே கணக்கில்லை. அவன் பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் பறந்துவிட்டான். நான் ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்தேன். கை நடுங்கவில்லை. அந்த இடம் எப்போது வந்தது, எப்போது போனது என்று கவனிக்காமலே வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே மொபெட்டில் போய்விட்டேன். மாடியில் அவள் தனியாகப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பாயை விட்டுவிட்டு நின்று, ஒன்று மட்டும்தான் கேட்டாள். 'ங்க' போட்டேனா, இல்லையா? போடவில்லை என்றேன். 'டா' போட்டேன் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டா இல்லாத டிரஸ்ஸில் கண்ணைத் துடைக்கத் துணி தேடினாள். மாஸ்டர் எல்லாம் ஒன்றுமில்லை, அவள் சின்னப் பெண்தான். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கட்டிக்கொள்ளவில்லை. காலைச் சேர்த்து வைத்து, கையைத் தொடையோடு ஒட்டி, அவள் மூன்று மாசமாகக் கத்திக் கத்திச் சொன்ன மாதிரி இடுப்பு வரைக்கும் குனிந்தேன். கழுத்து வலிக்கவில்லை.

"ரொம்ப நன்றிங்க மாஸ்டருங்க" என்றேன்.

அவளும் குனிந்தாள். நிமிரும்போது பழைய முகம் வந்துவிட்டது.

"ரெண்டு 'ங்க'. பத்து தண்டால்."

பத்தும் ஒழுங்காகப் போட்டேன். போட்டு முடித்ததும் அறுநூறை எடுத்து நீட்டினேன், பேரம் பேசாமல். அன்றைக்கும் அவள் குத்து சொல்லிக்கொடுக்கவில்லை.