அட்ரினலின் சேர்த்த ஊசி

மாமல்லபுரக் கரையில் மீன் ஏலம் விடும் இருசப்பனுக்கு எங்கே போனாலும் மரியாதை ஒரு பிடி கூடுதலாக வேண்டும். எழுபத்துநாலாவது வயதில் மீனவர் சங்கத் தலைவரான அன்று, மாலை வாங்கும் அவசரத்தில் மேடையிலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டார்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் ரெபேக்காள், கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யப் போவதாகச் சொன்னார்.

"மருந்தோட கொஞ்சம் அட்ரினலின் சேர்க்கிறேன். அப்பதான் மரமரப்பு ரொம்ப நேரம் நிக்கும்."

"தலைவருங்களுக்கு மட்டும் போடறதா, டாக்டரம்மா?"

ரெபேக்காள் எலும்பு டாக்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்த மனிதர் ஆபரேஷனில் ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு அரைமணி நேரம் அரசியல் பேசுகிறவர்.

இருசப்பனும் சளைக்கவில்லை, எலும்பைத் துளைக்கும்போதே படகுத்துறை ஏன் தன் பெயரில் அமைய வேண்டும் என்று விளக்கினார். இரண்டு பேச்சும் ஓய்ந்த பிறகும் கை மரத்தே கிடந்தது. வார்டில் கண்ணயர்ந்து விழித்தவர் அதட்டினார்.

"எவன்டா என் மார் மேல கைய போட்டுகினு கீறான்?"

"உன் கைதான்யா அது" என்றாள் மனைவி சம்பூர்ணம்.

"ஸ்பெஷல் மருந்துடி. தலைவருன்னு பார்த்துப் போட்ருக்காங்கோ."

பக்கத்துக் கட்டிலில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த கூலியாள் ஏசுபாதம் திரும்பினார்.

"எனக்கும் அதான் அண்ணாத்த போட்டாங்கோ. அந்த எலும்பு டாக்டரு பேசி முடிக்கணும்ல, அதுக்காக எல்லாருக்கும் போடுவாங்களாம்."

இருசப்பன் அவர் கட்டையும் தன் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியை அருகில் அழைத்தார்.

"டாக்டரம்மாவ கேட்டுகினு வா. எனக்கு எவ்ளோ சேர்த்தாங்கோ, அவனுக்கு எவ்ளோன்னு."