சூடேறாத எருக்குழி

என் வீட்டுக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பேர். புதுச்சத்திரத்தைச் சுற்றி யார் காட்டில் விதைப்பென்றாலும், முதல் பிடி விதை அவர் கையால் விழ வேண்டும் என்று ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். அவரும் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு கிளம்புவார். "போறதப் பாரு, கலெக்டரு!" என்று நான் பின்னாலிருந்து பழிப்புக் காட்டுவேன். உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான்.

அந்தப் பேரைக் கெடுத்தது நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்த தை மாதத்தில், விவசாய இலாகா மேஸ்திரி ஒருவர் சைக்கிளில் வந்து, ஆண்களைக் கூட்டி வைத்து எரு போடும் புது முறையைச் சொன்னார். குப்பையைச் சும்மா குவித்தால் பாதிச் சத்து வெயிலில் போய்விடுமாம். குழி வெட்டி, காய்ந்த சக்கை ஒரு அடுக்கு, சாணமும் பச்சைத் தழையும் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். "சாணி கொறஞ்சா சூடேறாதுங்க. சூடேறலைன்னா சக்கை அப்படியே கெடக்கும். ரெண்டும் சரிக்கட்டி இருக்கோணும்" என்றார். நான் உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டேன். ஆம்பிளைகளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் மறுநாளே வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிவிட்டார். அடுப்புக்கென்று நான் அடுக்கி வைத்திருந்த பருத்திமார்க் குச்சியும் கடலைத் தோலும் ஒரே நாளில் குழிக்குள் போயின. வரட்டியும் தட்டக் கூடாதாம். இரண்டு எருது, ஒரு எருமை. அத்தனை சாணமும் குழிக்கே. "அப்ப அடுப்புக்கு என்ற காலையா வெக்கறது?" என்று கத்தினேன். "எப்படியாச்சும் ஒப்பேத்து புள்ள, ஆடி வரைக்குந்தான்" என்று சிரித்தார்.

எப்படி ஒப்பேற்றுவது? பச்சைக் குழந்தைக்குத் தினமும் வெந்நீர் வேண்டும். களி கிண்ட வேண்டும். விறகு வாங்க வக்கில்லை. கட்டுத்தரையைக் கூட்டிச் சாணம் அள்ளிப் போடுவது என் வேலை. அவர் எருதுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கப் போன பிறகு, நாலு கூடையில் இரண்டைக் குழியில் கொட்டுவேன். மற்ற இரண்டையும் காட்டோரம் இருந்த பாறைக்கு அந்தப்புறம் கொண்டுபோய் வரட்டி தட்டுவேன். எடுத்ததுதான் எடுத்தேன், பருத்திமாரையாவது எடுத்திருக்கலாம். குச்சியை உருவினால் குழியில் பள்ளம் தெரியும். சாணம் குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது, நாளைக்கும் மாடு போடத்தானே போகிறது என்று என் புத்தி வேலை செய்தது.

வரட்டி ஏது என்று ஒருநாள் கேட்டார். மேய்ச்சல் காட்டில் சாணம் பொறுக்கினேன் என்றேன். "கைக்கொழந்தையை வெச்சுக்கிட்டு வெயில்ல போயிப் பொறுக்கறயே, புள்ள" என்று வருத்தப்பட்டார். எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. மறுநாளும் இரண்டு கூடை எடுத்தேன்.

காலையில் எழுந்ததும் குழியில் கடப்பாரையைச் செருகுவார். பல் துலக்கிவிட்டு வந்து அதை உருவி, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். சுட வேண்டும். சுடவே இல்லை. தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கிளறிப் போட்டார். ஒரு கட்டு ஆவாரந்தழை வெட்டி வந்து போட்டார். கடப்பாரை ஜில்லென்றே வந்தது.

ஆனிக் கடைசியில் மேஸ்திரி வந்து குழியைப் பிரித்தார். பருத்திமார் போட்டது போட்டபடி கிடந்தது, கரையான் ஏறியிருந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "சாணி பத்தலீங்களே" என்றார்.

"ஒரு கூடை வெளிய போகலீங்க. மூணு உருப்படி சாணியும் இதுக்குள்ளதான்" என்றார் இவர்.

"நெசமாவா?"

"என்ற ஊட்டுக்காரியே நிக்கறா. கேட்டுப் பாருங்க."

நான் மோர்ச் சொம்போடு நின்றிருந்தேன். சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். "ஆமாங்க" என்றேன்.

மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். "அப்ப எனக்கே வெளங்கலீங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் குழியோரம் உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த ஆடியில் பக்கத்துக் காட்டுக்காரர் முதல் பிடிக்குக் கூப்பிட வந்தார். "வேண்டாமுங்க, என்ற கை போயிருச்சு" என்று இவரே சொல்லி அனுப்பினார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பொய் சாட்சி சொன்னவள் எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். எருவில்லாத எங்கள் காட்டில் கடலை மஞ்சளாகி நின்றது. மறுவருஷம் யாரும் கூப்பிட வரவில்லை. காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ராசிபுரத்துக்குக் குடிபோனோம். அங்கே ஒரு நெய்க் கடையில் டின் சுமந்தார்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு ஆடியில், எங்கள் மகள் எங்கிருந்தோ நாலு அவரை விதை வாங்கி வந்தாள். புழக்கடையில் ஊன்றித் தரச் சொல்லி அப்பாவிடம் நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாஞ் சாமி. உங்கம்மாகிட்டக் குடு. அவ கை நல்ல கை."

நான் வாங்கி ஊன்றினேன். பந்தல் கொள்ளாமல் காய்த்தது. தை வரைக்கும் தினமும் அவரைக்காய்தான். "உன்ற கையே கை, புள்ள" என்று சொல்லிச் சொல்லி அவர் சாப்பிட்டார்.