பல்பு எரிந்தால் சேவ்

எங்கள் வீதியில் கேபிள் டி.வி.க்காரன் வீட்டுக்கு வீடு கறுப்புக் கம்பி இழுத்த வருஷம் அது. எதிர்வீட்டு அம்மாள் அந்தக் கம்பியில் ஈரச் சேலையைக் காயப்போட, கம்பி அறுந்து, வீதி முழுக்கப் படம் தெரியாமல் போய்ப் பெரிய சண்டை. சண்டை ஓய்வதற்குள் ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. வருஷத்தை நம்பரில் கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போது ஒரு சின்ன பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் சோமனூரில் தறி ஓட்டினேன். அங்கே ஒரு தறிக்காரர் எருமைக்குச் சினிமாப் பாட்டுப் பாடித்தான் பால் கறப்பார். அது வேறு கதை. பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஜெனரேட்டர், டீசல் டிரம், சுவரில் ஒரு பெரிய கைப்பிடி. கைப்பிடி மேலே இருந்தால் ஈ.பி. கரண்ட், கீழே இழுத்தால் ஜெனரேட்டர் கரண்ட். இழுக்கும்போது நடுவில் கண் இமைக்கிற நேரம் கம்பெனியே செத்துப் பிழைக்கும். டெய்லர்களுக்கு அது சந்தோஷம். கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கிக்கொள்வார்கள்.

அந்தத் தை மாதம் மாடி ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி வீட்டம்மா அதற்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். அந்த ரூமுக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்கிற யு.பி.எஸ். என்ற பெட்டியையும் வாங்கச் சொல்லி விற்றவன் சொல்லியிருக்கிறான். முதலாளி, "அது அப்பறம் பாத்துக்கலாம்" என்றுவிட்டார்.

என் மகள் அப்போது வீட்டில் இருந்தாள். சின்ன வயசில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனவள். எங்கள் ஊரில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் செக்கிங் என்றால் நாள் முழுக்க மேஜை முன்னால் நிற்க வேண்டும். பிசிறு வெட்டப் போனால் தரையில் சம்மணம் போட வேண்டும். அவளால் இரண்டும் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வீடுதான். நானும் அவள் அம்மாவும் போன பிறகு அவள் யார் வீட்டுக்குப் பாரமாக இருப்பாளோ என்பது எனக்குச் சோறு இறங்காத கவலை. அவளாகவே அவினாசி ரோட்டில் பாய் ஒருவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து படித்தாள். நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஆடி முடியற வரைக்கும் உக்காந்து பாக்கட்டும்" என்றார் முதலாளி. "எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் ஒண்ணு பிசகுனாலும் பழைய டைப்ரைட்டர்காரரையே வரச்சொல்லிப்போடுவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

"இல்லீங்க மொதலாளி" என்றேன். வேறென்ன சொல்வது?

முதல் நாள் சாயங்காலம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தவள் என் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன கண்ணு, யாராச்சும் வஞ்சாங்களா?"

"கரண்டு போச்சில்லீங்கப்பா? காலைலிருந்து அடிச்சது பூராம் போயிருச்சு. மறுபடி மொதல்லிருந்து அடிச்சேன். ஜெனரேட்டர்லிருந்து ஈ.பி.க்கு நீங்க மாத்துனீங்க. அதுவும் போயிருச்சு."

"போறதுன்னா எங்க போவும்? அதான் கரண்டு ஒடனே வந்துருச்சே?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் கரண்ட் போனால் நிற்கும், வந்தால் நின்ற இடத்திலிருந்து ஓடும். துணி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். தறியும் அப்படித்தான். கரண்டில் ஓடுகிற எதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

ராத்திரிச் சோறு தின்னும்போது அவள் தரையில் விரலால் ஒரு சதுரம் போட்டுக் காட்டினாள்.

"இது மானிட்டருங்கப்பா. டி.வி. மாதிரி. கீழ பட்டன் பட்டனா இருக்கறது கீபோர்டு. அதுல தட்டுனா இங்க எழுத்து வுழுவும். எந்த எடத்துல வுழுவும்னு காட்டறதுக்கு ஒரு சின்னக் கோடு மின்னிக்கிட்டே நிக்கும். அது கர்சர்."

"தப்பா தட்டிட்டா?"

"பேக்ஸ்பேஸ்னு ஒரு பட்டன். தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தா அழிச்சுட்டுப் பின்னால வரும். காயிதத்தக் கிழிக்க வேண்டியதில்ல. பிரிண்ட் குடுக்கற வரைக்கும் காயிதமே கெடையாது."

"சென்டர்ல படிக்கறப்ப கட்டிங்கூட உண்டுன்னயே?"

"உண்டுங்கப்பா. ஒரு வரியக் கட் பண்ணி வேற எடத்துல ஒட்டிக்கலாம். பேஸ்ட்னு சொல்லுவாங்க."

"துணி வெட்டற நம்ம கட்டிங் மாஸ்டருக்கு அப்படி ஒண்ணு இருந்தா வேண்டாம்னா சொல்லுவாரு?" என்றாள் அவள் அம்மா ரசச் சட்டியைக் கிளறிக்கொண்டே.

மகள் சிரிக்கவில்லை. "எல்லாம் இருக்குதும்மா. ஆனா அடிச்சு முடிச்சதுக்கு ஒரு பேரு வெச்சு சேவ் குடுக்கோணும். பேரு வெச்சாத்தான் அது ஃபைலு. ஃப்ளாப்பின்னு ஒரு தட்டு இருக்குது, அதுக்குள்ள போயி உக்காந்துக்கும். அதுவரைக்கும் மானிட்டர்ல தெரியறது சும்மா தெரியறதுதான். கரண்டு போனா ஒண்ணும் மிஞ்சாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிட்டிங் மிஷினில் எப்போதாவது எல்லா நூலும் ஒன்றாக அறுந்தால், தொங்குகிற துணி ஊசிகளை விட்டு மொத்தமாக நழுவிக் கீழே விழும். மறுபடி மாட்டுவதற்குள் உயிர் போகும். என் கைப்பிடியை நான் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் மாடியில் அவளுக்கு அதுதான் நடக்கிறது. அன்று ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. அவள் வேலை நிலைப்பதும் போவதும் என் வலது கையில் இருக்கிறது.

கரண்ட் போகிற நேரத்தை என்னால் பிடித்து வைக்க முடியாது. அதற்கு அவளே வரிக்கு வரி சேவ் கொடுத்துக்கொண்டாள். ஆனால் ஜெனரேட்டரை நிறுத்துவது என் கையில் இருக்கிறதே. சீரியல் செட் பல்பில் ஒரு சிவப்பை எடுத்து அவள் மேஜைக்கும், ஒரு பச்சையை என் கொட்டகைக்கும் ஒயர் இழுத்தேன். நான் சுவிட்சைத் தட்டினால் அவள் மேஜையில் சிவப்பு எரியும். அவள் சேவ் கொடுத்துவிட்டுத் தட்டினால் என் பக்கம் பச்சை எரியும். அதற்குப் பிறகுதான் இழுப்பேன். இஞ்சின் சத்தத்தில் பெல் வைத்தால் கேட்காது. அவள் காலோடு மாடிப்படி இறங்கி வந்து சொல்லவும் முடியாது.

அந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது.

ஆடி முடிய வந்த ஒரு நாள். காலையிலிருந்து ஏரியா முழுக்க ஈ.பி. இல்லை. வாசலில் தூத்துக்குடி லாரி லோடு ஏற்றி நிற்கிறது. குழந்தைகள் பனியன், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எந்தக் கலர் என்று அடித்த பேப்பர் இல்லாமல் லாரி போனால் துறைமுகத்தில் சரக்கைத் தொடமாட்டார்கள். டிரைவர் தெற்கத்தி ஆள். கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மேல பேப்பர் அடிக்காங்களா, இல்ல பேப்பரே செய்யிதாங்களா? கப்பலு என் மச்சான் ஓட்டுற கப்பல்னு நெனச்சீகளோ?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இஞ்சினுக்குள் பட்டென்று ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் அறுந்து துள்ளி என் காலடியில் விழுந்தது. இனி இஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் கொதிக்கும். நிறுத்தாமல் விட்டால் இஞ்சின் இறுகிப் போகும். சிவப்பைத் தட்டினேன். பச்சை எரியவில்லை. மறுபடி தட்டினேன். எரியவில்லை. ரேடியேட்டர் மூடி ஓரத்தில் ஆவி கிளம்பிவிட்டது. கை கைப்பிடிக்குப் போகிறது, திரும்பி வருகிறது.

"யோவ், பொகையுதுய்யா!" என்று டிரைவர் கத்தினார்.

நான் மாடிக்கு ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதலாளி கையில் பேப்பரோடு மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். மேஜையில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது.

"பல்பு எரியுதுங்க. நீங்க வாசிக்க ஆரம்பிச்சதுலிருந்து சேவே பண்ணலீங்க, பண்ணிக்கறனுங்க" என்கிறாள் அவள்.

"எரிஞ்சா எரியட்டும். இன்னும் ரெண்டு பொட்டிதான், அடி" என்கிறார் அவர்.

"மொதலாளி, பெல்ட் அந்துபோச்சுங்க. நிறுத்தோணுங்க."

"ரெண்டு நிமிசம் ஓடாதா அது? லாரி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவர் அடுத்த வரியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அதை அடிக்காமல், வேறு பட்டன்களைத் தட்டினாள்.

"நாஞ் சொல்லிட்டே இருக்கறேன், நீ என்னம்மா பண்ணிட்டிருக்கற?"

"சேவ் பண்றனுங்க."

கம்ப்யூட்டர் பெட்டியில் ஃப்ளாப்பி போட்ட இடத்தில் சின்ன விளக்கு எரிந்தது. கர் கர் என்று உள்ளே எதுவோ சுரண்டியது. அந்த விளக்கு அணைந்தால்தான் எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே இஞ்சின் முக்கி முனகி நின்றது. மானிட்டர் கறுத்தது. ட்யூப்லைட், சிவப்பு பல்பு, அந்தச் சின்ன விளக்கு, எல்லாம் ஒரே சமயத்தில் போய்விட்டன.

"லைட்டு மொதல்ல அணஞ்சுதாங்கப்பா, கரண்டு மொதல்ல போச்சுதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

முதலாளி ஃப்ளாப்பியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பாக ஒரு சதுரம். திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள இருக்குதா, இல்லையா?"

"போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"டைப்ரைட்டர்ல அடிச்சிருந்தா எத்தன அடிச்சோம்னு கண்ணுக்குத் தெரியும்" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் பேசினால்தான் எங்களுக்கு நடுக்கம். "இல்லைன்னா நாளைக்குப் புள்ளையக் கூட்டிட்டு வரவேண்டாம்."

பாய் சென்டர் பக்கம் கரண்ட் இருக்கும் என்று மகள் சொன்னாள். முதலாளியின் டி.வி.எஸ். வண்டியில் அவளைக் கூட்டிப்போகக் கிளம்பினேன். ஃப்ளாப்பியை என் சட்டைப் பையில் போடப் போனேன்.

"பையில என்ன வெச்சிருக்கீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

உடைந்த ஊசி பொறுக்குகிற காந்தம். எப்போதும் அந்தப் பையில்தான் இருக்கும். காந்தம் பட்டால் ஃப்ளாப்பியில் இருக்கிறது அழிந்துபோகும் என்றாள். காந்தத்தை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். என் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவித் துடைத்து அதற்குள் ஃப்ளாப்பியை வைத்து மடியில் அணைத்துக்கொண்டாள். வழி முழுக்க ஆடிக் காற்றில் புழுதி. ஒவ்வொரு குழிக்கும், "மெதுவாங்கப்பா" என்பாள். மெதுவாகப் போனால், "லாரி நிக்குதுங்கப்பா" என்பாள்.

சென்டரில் கரண்ட் இருந்தது. பாய் ஃப்ளாப்பியைப் போட்டார். கர் கர். மானிட்டரில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. எனக்குப் படிக்கத் தெரியாது. மகள் முகத்தைப் படித்தேன்.

"எடுக்க மாட்டீங்குதே" என்றார் பாய். வெளியே எடுத்தார். அதன் தகர மூடியை நகர்த்தி ஊதினார். "பதறாத தாயி. சில சமயம் ரெண்டாந்தடவதான் எடுக்கும்."

மறுபடி கர் கர். நான் சுவரில் இருந்த கடிகாரத்தின் கீழே போய் நின்றுகொண்டேன். பார்க்க முடியவில்லை.

"அப்பா" என்றாள்.

திரும்பினேன். மானிட்டர் நிறைய எழுத்து. அவள் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பாதி அடித்த ஒரு வரி, அதன் நுனியில் அந்தச் சின்னக் கோடு மின்னிக்கொண்டு நின்றது. முதலாளி அதட்டும்போது அவள் விட்ட இடம். அந்த வரியை முடித்து, மிச்சம் இரண்டு பெட்டியையும் அடித்தாள். சேவ் கொடுத்தாள். விளக்கு அணைகிற வரை கையைக் காற்றிலேயே வைத்திருந்தாள். பிறகுதான் பிரிண்ட் கொடுத்தாள்.

பேப்பரை வாங்கிக்கொண்டு லாரி போய்விட்டது. முதலாளி ஒன்றும் பாராட்டிப் பேசவில்லை. இஞ்சின் ஹெட் வெடித்திருந்தது, அதற்கு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஆவணி பிறந்தும் டைப்ரைட்டர்காரரை யாரும் கூப்பிடவில்லை. "அந்த யு.பி.எஸ். எங்க விக்குதுன்னு உங்க பாயக் கேளும்மா" என்று முதலாளி அவளிடம் சொன்னதாக வந்து சொன்னாள். அந்த நாற்காலியில் அவள் ரொம்ப வருஷம் உட்கார்ந்திருந்தாள். யு.பி.எஸ். வந்த பிறகும் நான் சிவப்பு பல்பைக் கழற்றவில்லை. அவளும் கழற்றச் சொல்லவில்லை.

இப்போது எல்லாம் தானாகவே சேவ் ஆகிவிடுகிறதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் இதை எழுதிக்கொண்டு போகிற இடத்தில் யாராவது புதிதாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், மானிட்டர், கீபோர்டு, கர்சர் எல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள், அவசரமில்லை. சேவ் கொடுப்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் யார் நின்று அதட்டினாலும் கொடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.