நஞ்சுக் காற்றும் என் துடக்கும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. எழுத்துப் பிழையும் தாராளம் – ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அச்சில் உங்களுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும். கஷ்டம், பத்திரிகைக் கந்தோரில் இதைத் தட்டெழுதும் பிள்ளைக்கு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உரும்பிராயில் நான் மூட்டை தூக்கும் அரிசி ஸ்டோரில் வண்டு விழுந்தால், உள்ளே மருந்துக் குளிசை வைத்துக் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் ஒட்டிவிடுவார்கள். குளிசையிலிருந்து ஒரு நஞ்சுக் காற்று வரும். வண்டு சாகும். வண்டு வேறு, ஆள் வேறு என்று அந்தக் காற்றுக்குத் தெரியுமா? அது என்னைவிடக் குறைவாகப் படித்தது.

போன தடவை கதவு திறந்த கையோடு மூட்டை எடுக்கப் போனவன் அந்தோனி. குருநகர் ஆள், என்னோடு வேலை செய்பவன். சற்று நேரத்தில் வெளியே ஓடிவந்து வேலியோரம் வாந்தி எடுத்தான். நெஞ்சு இறுக்குகிறது என்றான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்துவிட்டார்கள்.

முதலாளி கண்டுபிடித்த காரணம்: "காலமை சாப்பிடாமல் வந்திருப்பான்."

பிறகு ஒரு அதிகாரி அம்மா வந்தார். காற்று எந்த அளவைத் தாண்டினால் ஆள் உள்ளே போகக்கூடாது என்று சொன்னார். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லை... அதற்கும் கீழே!

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "உவ்வளவு சின்ன அளவோ? அப்ப பயப்பிட ஒண்டுமில்லை, பிள்ளை!"

அந்த அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, கொஞ்சம் இருந்தாலே ஆளுக்குக் கூடாது. அதுதான் எல்லையும் சின்னன்."

அந்தக் காற்று எல்லை தாண்டினால் கத்தும் மீற்றர் ஒன்று வாங்கச் சொன்னார். முதலாளி வாங்கினார். எங்கே மாட்டினார்? தன் அறையில், கலண்டருக்குப் பக்கத்தில்! "பார், ஒரு சத்தமுமில்லை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அந்த அறையில் சத்தம் போடுவது அவர் மட்டும்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை. மறுபடி மருந்து வைத்த ஸ்டோரைத் திறக்கும் நாள். கேற்றில் லொறி வந்து நிற்கிறது. அந்தோனியின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணை, இண்டைக்கு உள்ளை போனால் நான் திரும்பி வரமாட்டன்."

ஸ்டோரின் கடைசிச் சுவரில் பிள்ளையார் படம் இருக்கிறது. வெள்ளிகளில் அவருக்குச் சாம்பிராணி காட்டிய பிறகுதான் மூட்டையில் கைவைக்கலாம். வழக்கமாக முதலாளியே காட்டுவார். மருந்து வைத்தால் மட்டும் பக்தி எங்கள் தலையில்! புகை காட்டினால் மருந்து மணம் போய்விடுமாம். மணம் போகும்... மருந்து?

"அந்தோனி, கொண்டுபோய்க் காட்டு."

"நான் வேதக்காரன், முதலாளி. பிள்ளையார் கோவிப்பார்."

"அப்ப நீ காட்டு" என்று சாம்பிராணித் தட்டை என்னிடம் நீட்டினார்.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன்: "எனக்குத் துடக்கு, முதலாளி. பெரியப்பாவின்ரை மகன் செத்து எட்டாம் நாள் செலவும் முடியேல்லை."

செத்தவீட்டுத் துடக்கோடு ஒருவன் பிள்ளையாருக்குக் கிட்டப் போவதா? முதலாளி ஆசாரமான ஆள். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். முதலாளி தட்டோடு நடந்தார். வாசல் வரை நல்ல கம்பீரம். வாசலில் நின்றார்.

"உந்த மீற்றரை ஒருக்கால் எடுத்துக்கொண்டு வா."

அந்தோனி பறந்துபோய் எடுத்து வந்தான். வாசலில் நீட்டியதுதான் தாமதம் – இத்தனை நாள் வாயே திறக்காத மீற்றர் ஊர் கேட்கக் கத்தியது!

முதலாளி தட்டைக் கீழே வைத்தார். "எல்லாக் கதவையும் திறந்துவிடுங்கோ. லொறி நாளைக்கு வரட்டும்."

"பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்" என்றான் அந்தோனி, வேதக்காரன்.

நஞ்சுக் காற்றின் எல்லையைப் படித்தவர்கள் சரியாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் முதலாளியும் வாசலில் நின்றால்தான் அது வேலை செய்கிறது.

என் பெரியப்பாவுக்கு மகனே கிடையாது. பயமில்லை, முதலாளி பத்திரிகையில் ராசிபலன் மட்டும்தான் பார்ப்பார்.

எழுதி முடித்தது: ஸ்டோர் திறந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை. மீற்றர் இன்னும் கத்துகிறது, துடக்கும் கழியவில்லை.