பாலும் முட்டையும் படாத கேக்

என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடு வந்து தங்கியிருந்த வருஷங்களில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த காரியங்கள் பல. அவற்றில் முதலிடம் கேக்குக்குத்தான்.

அப்போது நாங்கள் அரூரில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை. அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி கல்யாணமாகிப் போனது கோலார் தங்கவயலுக்கு. பாதி ஆயுசை அங்கே கழித்துவிட்டு, புருஷன் போனபிறகு, ஒரே மகனைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தார். மகன் கொஞ்ச நாள் அரூரில் சும்மா சுற்றினான். உலகச் சண்டை ஆரம்பித்ததும் பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டான். பர்மாப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள் என்பதோடு சரி, அதற்குமேல் எந்தத் தகவலும் எங்களுக்குத் தெரியாது.

அவன் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றைக்கு அண்ணி தீர்த்தமலை சாமிக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தார். மகன் உசுரோடு திரும்பி வருகிறவரை மாடு கொடுக்கிற எதையும் வாயில் வைப்பதில்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் கிடையாது. நல்ல வேண்டுதல்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேண்டுதலை நிறைவேற்றியது என் சமையல்கட்டு. அண்ணிக்குத் தனிக் கரண்டி, தனிப் பாத்திரம், பால் விடாத வறக்காப்பி. பொங்கலுக்கு நெய் ஊற்றுவதற்கு முன்னால் அவருக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மறந்து மோர்க் கரண்டியை ரசத்தில் விட்டால் அந்த ரசம் அவருக்கு ஆகாது. வேறு ரசம் வைக்க வேண்டும். எங்கள் வீடு சைவம் என்பதால், கோலாரில் எப்படியோ, இங்கே முட்டை எப்போதுமே வாசற்படி ஏறாது.

இந்த லட்சணத்தில் ஒரு கார்த்திகை மாதம், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தாம்மா, மார்கழிக் கடைசியில பையன் பொறந்த நாள் வருது. கோலார்ல பக்கத்து வூட்டு சட்டக்காரம்மா வருஷா வருஷம் ஆரஞ்சு கேக் பண்ணிக் கொடுக்கும். ரொட்டி மாதிரி நீளமா இருக்கும். அவன் இல்லாட்டி என்ன, அவன் பேரைச் சொல்லி இந்த வருஷம் நாம பண்ணிடலாம்."

"கேக்குக்கு முட்டையும் வெண்ணெயும் போடுவாங்களே அண்ணி?"

"அதெல்லாம் போடாம பண்ணு."

"எப்படிங்க பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? அந்தம்மா முட்டையும் வெண்ணெயும் போட்டுத்தானே பண்ணும்."

நான் அதுவரை கேக்கைக் கண்ணால் பார்த்தது சேலத்தில் ஒரு ரொட்டிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும்தான். எவ்வளவு மாவு என்று அண்ணியைக் கேட்டால் "வேண்டிய அளவு" என்பார். எவ்வளவு நேரம் என்றால் "வேகுற வரைக்கும்" என்பார். அந்த ஆங்கிலோ இந்தியம்மா வீட்டு இரும்பு அடுப்புக்குக் கதவு உண்டு என்பதையும், கதவின் கைப்பிடி பித்தளை என்பதையும் மட்டும் மறக்காமல் சொன்னார்.

சண்டைக் காலம். ரேஷனில் அரிசி போதாது என்று கோதுமை போட்டார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் ஊரே விழித்துக்கொண்டிருந்தது. நான் அதை எந்திரத்தில் அரைத்து, மல்துணியில் இரண்டு தடவை சலித்து, தவிட்டை மாட்டுக்கார வீட்டுக்குக் கொடுத்தேன். காப்பிக்கு வெல்லத்தைப் போட்டு, ரேஷன் சர்க்கரையைச் சேர்த்து வைத்தேன். வீட்டுக்காரர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே குடித்தார். ஆனால் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதெல்லாம் என்னைத்தான்.

"காப்பி என்ன கஷாயம் மாதிரி இருக்குது?"

"உங்கக்காவைக் கேளுங்க."

மிச்சத்தையும் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

வெண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெய் என்று நானே முடிவு செய்தேன். நல்லெண்ணெய் ஊற்றினால் கேக் ஊறுகாய் வாசம் அடிக்கும். முட்டைக்குப் பதில் என்ன என்பதுதான் பிடிபடவில்லை. ஒருநாள் போண்டாவுக்குப் புளித்த தயிரில் சோடா உப்பைப் போட்டபோது அது புசுபுசுவென்று பொங்கியது. புளிப்புக்குத்தானே அப்படிப் பொங்குகிறது, ஆரஞ்சுச் சாறும் புளிப்புத்தானே என்று தோன்றியது. கொஞ்சம் எலுமிச்சையும் பிழிந்துகொண்டால் போதும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகக் கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"அப்படியா? கோலார்ல அப்படிப் பண்ணமாட்டாங்களே" என்றார்.

அச்சு வேண்டுமே. கடைத்தெருவில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விளக்கும் புனலும் செய்கிற பாய் ஒருவர் இருந்தார். நீளமாக ஒரு தகரப் பெட்டி வேண்டும், மூடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அழகாகச் செய்து வைத்திருந்தார். மூலைகளில் பளபளவென்று ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. வீட்டில் வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து மண்ணெண்ணெய் வாசம் போக்கினேன்.

அகலமான இரும்புச் சட்டியில் ஆற்று மணலைப் பரப்பி அடுப்பில் ஏற்றி, அதன்மேல் பெட்டியை வைத்து, தாம்பாளத்தால் மூடி, தாம்பாளத்தின் மேலே தணலை அள்ளிப் போட்டேன். இதுதான் எங்கள் கதவு வைத்த அடுப்பு. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம். திறந்து பார்த்தால் சூட்டில் ஈயம் உருகி, மூலைகள் வாயைப் பிளந்து, மாவு முழுக்க மணலில் ஓடிக் கிடந்தது. ரேஷன் சர்க்கரை, சலித்த மாவு, ஏற்காட்டிலிருந்து சேலம் வந்து, சேலத்திலிருந்து கரியில் ஓடுகிற பஸ்ஸில் புகை வாசத்தோடு வந்து சேர்ந்த ஆரஞ்சு, எல்லாம் மணலுக்குப் போனது.

பிளந்த பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பாயிடம் போனேன்.

"அடுப்புல வெப்பீங்கன்னு நீங்க சொல்லவேயில்லீங்களேம்மா? நான் ஏதோ தானியம் போட்டு வெக்கன்னு நெனச்சேன்."

"மூடி வேண்டாம்னு சொன்னேனே பாய், மூடியில்லாம யாராவது தானியம் போட்டு வெப்பாங்களா?"

"அதுவும் சரிதானுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை ஒட்டு இல்லாமல், ஒரே தகட்டை மூலையில் மடித்துத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது தடவைக்கு அண்ணி தானே உதவி செய்வதாக வந்தார். ஆரஞ்சுத் தோலை அவரிடம் கொடுத்து, மேல் தோலை மட்டும் துருவச் சொன்னேன். உள்ளே இருக்கிற வெள்ளை வரைக்கும் விடாமல் துருவிவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. மாவு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் கலந்து, சோடா உப்பைப் போட்டு, கடைசியில் சாற்றை ஊற்றினேன். பாத்திரம் கொள்ளாமல் பொங்கியது.

"பாருங்க அண்ணி, எப்படிப் பொங்குதுன்னு! உடனே அடுப்புல ஏத்திடணும்."

"இரு, இரு. இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை."

"மணி பத்தரை ஆயிடுச்சே. பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். பையன் பேர்ல பண்றது, ராகு காலத்துல அடுப்புல ஏத்தக்கூடாது."

"கலக்கினதும் இப்பத்தானே அண்ணி?"

"கலக்குறது வேற, ஏத்துறது வேற."

நான் கெஞ்சினேன். நுரை அடங்கினால் போச்சு என்றேன். அண்ணி பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூடி, ஏதோ தேவாரத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். பட்டாளத்தில் இருக்கிற பிள்ளையின் பேரைச் சொல்லுகிறவரிடம் எதைச் சொல்லி வாதாடுவது? பன்னிரண்டு மணிக்கு முந்தானையை விலக்கினபோது மாவு தோசை மாவைப்போலச் சலனமில்லாமல் இருந்தது. வெந்து வந்ததைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. அரிவாள்மணையில்தான் அறுத்தேன். செங்கல் தோற்றது. போதாததற்கு வேப்பங்காய்க் கசப்பு.

"நீ அவசரப்பட்டுட்ட" என்றார் அண்ணி.

நான் கொல்லைப்புறம் போய், சும்மா இருந்த துணிகளையெல்லாம் எடுத்துக் கல்லில் அடித்துத் துவைத்தேன்.

பிறந்த நாளன்று காலையிலேயே அண்ணியைக் கோயிலுக்கு அனுப்பினேன். அபிஷேகம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும், பாதியில் வந்தால் பலன் இல்லை என்று பயமுறுத்தியும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். அவரையும் கடைவீதிக்கு விரட்டினேன். வீடு அமைதியானது. தோலை நானே துருவினேன், மஞ்சளாக மேலே இருப்பதை மட்டும். சட்டியும் மணலும் முன்கூட்டியே காய்ந்து தயாராக இருந்தன. சாற்றை ஊற்றினேன், இரண்டு சுற்றுக் கிளறினேன், பெட்டியில் ஊற்றினேன், வைத்து மூடினேன். திறந்து பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. அடக்கிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாசம் முதலில் வந்தது. ஆரஞ்சும் சர்க்கரையும் சேர்ந்து சூடாகிற வாசம். அந்த வீட்டில் அதுவரை வந்ததே இல்லை. ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தபோது மாவு ஒட்டவில்லை. நடு முதுகில் நீளமாக ஒரு வெடிப்பு, ஓரமெல்லாம் பழுப்பு. ஆறினபிறகு கவிழ்த்தேன், முழுதாக விழுந்தது. எனக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. எல்லாரையும் நானே விரட்டிவிட்டிருந்தேன்.

அண்ணி திருநீறோடு வந்தார். கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு துண்டை நறுக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, வாயில் போட்டார்.

"கோலார்ல மேல சர்க்கரைப் பொடி தூவுவாங்க" என்றார்.

நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். அங்கேயே நின்றால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. திரும்பி வந்தபோது அண்ணி மிச்சத் துண்டைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"எங்க இருக்கானோ. ஒரு வாய் சோறு தின்னானோ இல்லையோ" என்றார்.

கோபத்தைக்கூட நிம்மதியாக வைத்துக்கொள்ள விடாத மனுஷி. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

சாயங்காலம் தெரு முழுக்கக் கேக் போனது. "எங்க கோலார் கேக், பாலு முட்டை எதுவும் இல்லாம பண்ணினேன்" என்று அண்ணி வீடு வீடாகக் கொடுத்தார். பண்ணினேனாம். மறுநாள் பக்கத்து வீட்டம்மா எப்படிச் செய்வது என்று கேட்டு வந்தார், அண்ணியிடம். "வேண்டிய அளவு மாவு" என்று கூடத்திலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. நான் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷமும் செய்தேன். அதற்கு அடுத்த வருஷமும். மகனிடமிருந்து ஒரு கடுதாசிகூட வராத வருஷம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் அண்ணி எதையும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சண்டை முடிந்த அடுத்த கோடையில் ஒருநாள், மொரப்பூரில் ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடித்து, அவன் வந்து நின்றான். கறுத்து, காய்ந்து, கழுத்தெலும்பு தெரிய நின்றான். அண்ணி அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. "இப்படியா மெலிஞ்சி போவ?" என்று முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். அப்புறம்தான் அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு என் பக்கம் திரும்பினார்.

"கேக் போடும்மா."

வெளியே மண் பொரிகிற வெயில். ஆரஞ்சு எந்த ஊரிலும் கிடையாது. நேர்த்திக்கடன் இன்னும் கழியவில்லை, தீர்த்தமலை போய் வந்தபிறகுதான் பால் நெய்யெல்லாம். எலுமிச்சை மட்டும் போட்டு, தாம்பாளத்தின் மேல் தணலை அள்ளிப் போட்டு, வேர்வை கண்ணில் வழிய வழியச் செய்தேன். அவன் மரியாதையாக ஒரு துண்டு தின்றான். அம்மா வற்புறுத்தினதும் இன்னொரு துண்டும் தின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மட்டும் சமையல்கட்டுக்குள் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை, களி இருக்குதுங்களா?" என்றான்.

காலையில் கிண்டிய கேழ்வரகுக் களி இருந்தது. கீரைக் கடைசலும் இருந்தது. வட்டிலில் போட்டுக் கொடுத்ததும் அவன் உருட்டி உருட்டி விழுங்கினான்.

"பட்டாளத்துல ரொட்டியும் பிஸ்கோத்துமே தின்னு நாக்கு செத்துப் போச்சுங்க."

"அப்ப கேக்கு?"

"எனக்கு எப்பவும் கேக்கு பிடிக்காதுங்க அத்தை. கோலார்லயும் அப்படித்தான். அந்தம்மா எதிர்ல ஒரு வாய் தின்னுட்டு மிச்சத்தை அம்மாகிட்ட கொடுத்துடுவேன். அம்மாவுக்குத்தான் அது உசுரு."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம், இத்தனை மாவு, இத்தனை தணல். எனக்கு ஆசையாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லமாட்டார். வெள்ளைப் புடவை கட்டினவர் வாயைத் திறந்து தனக்கென்று தின்பண்டம் கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். தம்பி வீட்டில் இருந்துகொண்டு கேட்கிற கூச்சமும் இருந்திருக்கும். அது புரியத்தான் செய்தது. புரிந்ததால் எரிச்சல் குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய்.

அவன் கை கழுவப் போனதும் நேராகவே போய்க் கேட்டேன். "அண்ணி, கேக்கு உங்களுக்குத்தான் பிடிக்குமாமே?"

"யாரு சொன்னா? சீ. தாலியறுத்தவளுக்குக் கேக்கு ஒண்ணுதான் கேடா?"

தடிமனாக ஒரு துண்டு நறுக்கி, தட்டில் வைத்து, அவர் முன்னால் தள்ளினேன். பார்க்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

அந்த வாரமே தீர்த்தமலை போய் நேர்த்திக்கடனைக் கழித்துவிட்டு வந்தோம். திரும்பியதும் அண்ணி ஒரு சொம்பு மோரை நின்ற நிலையில் குடித்தார். இனிமேல் தாராளமாக நெய் போட்டே கேக் செய்யலாம் என்றும் சொன்னார். வெண்ணெய் வாங்கிக் காய்ச்சி, நெய் ஊற்றி, ஒரு குறையும் வைக்காமல் செய்து கொடுத்தேன். மெதுவாக மென்று பார்த்தார்.

"எண்ணெயில பண்ணினதே நல்லா இருந்துச்சு" என்றார்.