கோரைக்குள் ஒரு குப்பை

"யாரு அந்தச் சிவப்பு? இங்க வாங்க!" என்று அதட்டிக்கொண்டே துணிப்பையைக் கவிழ்க்கிறார் பார்லர் அக்கா. குளக்கரைப் புல்லில் பழைய சட்டைகள் விழுகின்றன. எல்லாம் அவருடைய அண்ணன் வீட்டில் கழித்துக்கட்டியவை. சேற்று நிறம், சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்க வருகிறவர் பளிச்சென்று உடுத்தி வந்தால், மேலே இதில் ஒன்றை மாட்டித்தான் ஆக வேண்டும். முதல் வாரம் எனக்குக் கிடைத்ததில் பொத்தானே இல்லை, தலைச்சாய வாடை வேறு. "முகத்தைச் சுளிக்காதீங்க சார். இன்னிக்குப் போட்டோ உங்களுக்கில்ல, பறவைக்கு."

மற்ற ஆறு நாளும் கடைத்தெருவில் அழகு நிலையம் நடத்துகிறவர் இவர். ஊரார் தலைக்குச் செம்பட்டையும் நகத்துக்கு ஊதாவும் பூசிவிட்டு, ஏழாம் நாள் அத்தனை பேரையும் மண் நிறமாக்கிவிடுகிறார். பேச்சில் தாட்சண்யம் கிடையாது. பறவையை வரவழைக்கச் செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டார் ஒரு கேமராக்காரர். "உங்க வாசல்ல நின்னு உங்க சம்சாரம் குரல்ல நான் கூப்பிட்டா சும்மா இருப்பீங்களா?" என்றார் அக்கா. மனிதர் போனை அணைத்துவிட்டார். ஆனால் மறுவாரமும் வந்தார்.

அக்காவின் உயிர் இப்போது கோரைக்குள் இருக்கிறது. அங்கே முக்குளிப்பான் என்கிற சின்ன நீர்ப்பறவை ஒன்று முட்டையிட்டிருக்கிறது. நீரில் மிதக்கும் அழுகல் பாசிக் குவியல்தான் கூடு. ஆபத்து என்று பட்டால் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு நீருக்குள் பாய்ந்துவிடும். அப்புறம் பார்த்தால் குப்பை என்றுதான் தோன்றும். போன வருடம் குடியிருப்போர் சங்கத்தார் 'தூய்மை நாள்' என்று கிளம்பி, அப்படிப்பட்ட ஒரு குப்பையைக் கொக்கிக் கம்பால் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். அதற்குக் கைதட்டல் வேறு! உடைந்த முட்டைகளைக் கண்ட அக்கா அன்று வாயே திறக்கவில்லையாம். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது பேசுகிறார் போலும்.

இந்த வருடத் தூய்மை நாள் போன ஞாயிறன்று வந்து தொலைந்தது. ஆரஞ்சு பனியன் போட்ட கூட்டம் படகும் கொக்கியுமாக வந்து நின்றது. முன்னால் வந்தவர் சங்கத் தலைவர், அக்காவின் அதே அண்ணன். அக்கா, படகு இறக்கும் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம்.

"எழுந்திரு. ஊரே பார்க்குது, மானத்தை வாங்காதே."

"நல்லா பார்க்கட்டும். குஞ்சு வெளியே வர்ற வரைக்கும் ஒரு படகும் இறங்காது."

"ஒரு குப்பைக்காகக் கூடப்பிறந்தவனை எதிர்க்கிறியா?"

"அது குப்பைன்னு உனக்கு யாரு சொன்னா? போய்ப் பாரு. பார்த்துட்டு வந்து அப்பவும் குப்பைன்னு சொன்னா, என் மேலயே படகை ஏத்து."

அண்ணன் விறுவிறுவென்று கோரைப் பக்கம் நடந்தார். அந்த ஆரஞ்சைக் கண்டதும் முக்குளிப்பான் அவசரமாகப் பாசியை இழுத்துப் போர்த்திவிட்டு நீருக்குள் மறைந்தது.

"எங்கே? வெறும் பாசிதானே கிடக்கு!" என்றார் அவர், திரும்பி வந்து.

படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அக்கா இம்மியும் நகரவில்லை. பையைத் துழாவி, இருப்பதிலேயே மங்கலான சட்டையை எடுத்து உதறி அண்ணன் தோளில் எறிந்தார். பிறகு கேமராக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கோரையைப் பார்த்தபடியே தன் பக்கத்தில் காலியான இடத்தைப் பட்பட்டென்று தட்டினார்.